தைரியம் கேட்ட சபை

வேதபகுதி: அப்போஸ்தலர் 4:23-31



பேதுருவும் யோவானும் மிரட்டப்பட்டுத் திரும்பியபோது சபை ஏறெடுத்த ஜெபத்தைக் கவனித்தீர்களா? உபத்திரவம் நீங்கவேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. வசனத்தை அஞ்சாமல் அறிவிக்கவும், பிணியாளிகள் குணமடையத் தேவகரம் நீட்டப்படவுமே மன்றாடினார்கள். மருத்துவ ஊழியத்தைத் தாங்கும் நமக்கு 30-ம் வசனம் எத்தனை நெருக்கமானது!

நமது திருநெல்வேலித் திருச்சபையும் அடிபட்டு வளர்ந்ததே. விசுவாசிகள் சொந்த ஊரில் வாழமுடியாமல் துரத்தப்பட்டபோது, உபதேசியாராகிய தாவீது சுந்தரானந்தம் 1799-ல் அவர்களை ஒரு புது ஊரில் குடியேற்றினார். அதுவே இன்று தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள முதலூர். அங்கும் உபத்திரவம் ஓயவில்லை, ஊர் நிலைத்தது.

இருநூறு ஆண்டுகளுக்குப்பின், 1999 ஜனவரியில், ஒரிசாவின் மனோகர்பூரில் தொழுநோயாளிகளின் ஊழியர் கிரஹாம் ஸ்டெயின்ஸ் தம் இரு மகன்களோடு வண்டியில் எரித்துக் கொல்லப்பட்டார். மனைவி கிளாடிஸ் அம்மையார் கொலைஞரை மன்னித்து, பாரிபடாவிலேயே தங்கிப் பணியைத் தொடர்ந்தார். தைரியம் என்றால் உரத்த குரல் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அம்மையார் செய்ததோ புண்களுக்குக் கட்டுப்போடும் வேலை.

ஆபத்து நீங்க ஜெபிப்பதும் தகும். 12-ம் அதிகாரத்தில் சபை பேதுருவுக்காக அப்படியே ஜெபித்தது. இம்மாதக் குடும்ப ஜெபத்தில் இரண்டையும் கேளுங்கள். கூடி ஆராதிக்க முடியாத கிராமத்து விசுவாசிகளையும், சாட்சி சொல்ல நீங்கள் தயங்கும் ஓர் அயலாரையும் பெயர்சொல்லி நினைத்துக்கொள்ளுங்கள்.