தண்ணீர்ச் சிக்கனம்: நோயாளி உள்ள வீட்டிற்கு

2019ஆம் ஆண்டுக் கோடையில், சென்னைக்குக் குடிநீர் வழங்கும் ஏரிகள் ஏறத்தாழ வறண்டுபோயின. அத்தகைய நாள்களில் நோயாளியைப் பராமரிப்போரின் சுமை இரட்டிப்பாகிறது. தண்ணீரைச் சேமிப்பது நம் கடமையே. ஆயினும் எதில் குறைக்கலாம், எதில் குறைக்கலாகாது என்பதை அறிந்து செய்தல் வேண்டும்.

குறைக்கக் கூடாதவை

குடிநீரைக் குறைக்காதீர்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள், நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை லிட்டர் சிறுநீர் பிரியும் அளவுக்கு நீர் அருந்த வேண்டும். இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மருத்துவர் வரையறுத்த அளவே பொருந்தும். மலம் கழித்த பின்னும், உணவைத் தொடுமுன்னும், நோயாளியைத் தொடுமுன்னும் பின்னும் சோப்பிட்டு 20 விநாடிகள் கை கழுவுங்கள். கைகளைத் தேய்க்கும்போது குழாயை மூடிவைத்தால், தூய்மையும் கெடாது, நீரும் வீணாகாது. வயிற்றுப்போக்கு உள்ளவரின் துணிகளைத் தனியே, நன்கு அலசுங்கள்.

குறைக்கத் தக்கவை

ஷவருக்குப் பதிலாக வாளியில் குளிக்கலாம். அரிசி, காய்கறி கழுவிய நீரைச் செடிகளுக்கு ஊற்றலாம். வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில், சுத்தமான நீரைவிடக் கழிவாக வெளியேறும் நீரே அதிகம். அதனை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம், அருந்தலாகாது. ஒழுகும் குழாயின் கீழ் இரவில் ஒரு வாளியை வைத்துப் பாருங்கள். இழப்பின் அளவு காலையில் தெரிந்துவிடும்.

சேமித்த நீரில் எச்சரிக்கை

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நன்னீரில் பெருகுகிறது. முட்டை கொசுவாக மாறச் சுமார் 7 முதல் 10 நாள்களே போதும். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். எனவே நீரை மாற்றுவது மட்டும் போதாது. வாரம் ஒரு முறை உட்புறத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். எல்லாத் தொட்டிகளையும் ஒரே நாளில் காலி செய்யாமல், நாளுக்கு ஒன்றாக முறை வகுத்துக்கொண்டால் நீர் விரயமாகாது. அடியில் மிஞ்சும் நீரைச் சாக்கடையில் கொட்டாமல், காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள், புழுக்கள் மடிந்துவிடும். பாத்திரங்களை இடைவெளியின்றி மூடிவையுங்கள்.

குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, மூடிய பாத்திரத்தில் வைத்து, நீண்ட பிடியுள்ள கரண்டியால் எடுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோருக்கு இது இன்றியமையாதது.

வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் கண்டால், பாராசிட்டமால் தவிர வேறு வலி நிவாரண மாத்திரைகளைத் தாமாகக் கொடுக்காமல், தாமதமின்றி மருத்துவரை அணுகுங்கள்.