ஊருக்குள் வந்த படகு

தூத்துக்குடி நகரின் வடபால் கடலோரத்தே அமைந்துள்ளது திரேஸ்புரம். நாட்டுப்படகுகள் நிறைந்த மீனவர் ஊர் அது. நகரின் மழைநீரைச் சுமந்து வரும் பக்கிள் ஓடை அவ்வூரின் அருகேதான் கடலிற் கலக்கின்றது.

ஓடை சுமக்கும் நீருக்கும் ஓர் அளவு உண்டன்றோ? 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில் அவ்வளவு கடந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அம்மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையினும் அது மிகுதி! தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன, நகரத் தெருக்கள் நீரில் மூழ்கின. அப்பொழுது தூத்துக்குடிக் கடற்கரை மீனவர், தம் படகுகளை ஊருக்குள் கொணர்ந்து, வீடுகளில் சிக்கியோரை மீட்டனர்.

மாணவர்களே, இத்தகைய தொண்டில் இறங்குவோர் முதலில் தம்மைக் காத்துக்கொள்ளல் வேண்டும். விரைந்தோடும் வெள்ளம் முழங்காலளவே ஆயினும் ஆளை வீழ்த்திவிடும். கயிறும் துணையும் இன்றி அதில் இறங்குபவன், மீட்கப்பட வேண்டியோர் தொகையில் ஒருவனைக் கூட்டுகின்றான். வெள்ளம் வடிந்த பின்னும் கிணற்று நீரைக் காய்ச்சாமல் பருகலாகாது. அறுந்து கிடக்கும் மின்கம்பியை அணுகலாகாது.

அதே 17ஆம் நாள் இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. அதில் இருந்தோர் ஏறத்தாழ 800 பேர். சுற்றிலும் வெள்ளம். அருகிலிருந்த புதுக்குடி மக்களும் அவ்வெள்ளத்தால் வருந்தியவரே. எனினும், தம்மிடம் இருந்த அரிசியைத் திரட்டிச் சமைத்து, முன்பின் அறியாத அப்பயணியர்க்கு அளித்தனர். 19ஆம் நாள் மீட்புப் படையினர் வந்து சேரும்வரை, நிலையத்தில் தங்கியிருந்தோர் பலர்க்கும் அவ்வூர்ச் சோறே உணவாயிற்று.