காப்பீடும் கூட்டுறவும்

நெசவாளரும் விவசாயிகளும் சங்கத்தில் பெறும் கடன், நூலுக்கும் விதைக்கும் உரியதாகும். ஆயினும், வீட்டில் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை நேரிடின் அப்பணம் மருத்துவமனைக்குச் சென்றுவிடுகின்றது, தவணை தவறுகின்றது, பின்னர் தறியோ நிலமோ விலைக்கு வருகின்றது. இவ்விடரைக் கூட்டுறவு முறையிலேயே தணிக்கலாம் என்பதற்குக் கர்நாடக மாநிலத்தின் 'யசஸ்வினி' திட்டம் தக்க சான்றாகும்.

அத்திட்டம் 2003ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. கூட்டுறவுச் சங்க அங்கத்தினரான விவசாயிகள், ஆளொன்றுக்கு ஆண்டிற்கு 60 ரூபாய் செலுத்தினர். அரசாங்கமும் ஒரு பங்கு உதவியது. முதலாண்டிலேயே சுமார் 16 லட்சம் பேர் சேர்ந்தனர். சேர்ந்தவர், திட்டத்தோடு இணைந்த மருத்துவமனைகளில் கைப்பணம் கட்டாமல் அறுவைச் சிகிச்சை பெற்றனர். 2018இல் அது மாநிலத்தின் பொதுத் திட்டத்தோடு சேர்க்கப்பட்டது. 2022இல் மீண்டும் தனித்துத் தொடங்கப்பெற்றது.

அறுபது ரூபாயில் இஃது எவ்வாறு இயலும்? ஓர் உதாரணம் காண்போம். ஆயிரம் பேர் சேரின் 60,000 ரூபாய் திரளும். அவ்வாண்டில் மூவருக்குத் தலைக்கு 20,000 ரூபாய்ச் செலவு நேர்ந்தாலும் நிதி ஈடுகொடுக்கும். மாறாக, "நோய் வந்தபின் பார்த்துக்கொள்வோம்" என்று சுகமாயிருப்போர் விலகிவிட, நூறு பேரே சேர்ந்தனர் என்று கொள்வோம். திரள்வது 6,000 ரூபாய். சிகிச்சை வேண்டும் அம்மூவரோ இந்நூற்றுவருள் இருப்பர். ஒருவருக்கும் பணம் போதாது. ஆகவே, நோயற்றவர் செலுத்தும் தொகை வீண் செலவன்று. அதுவே காப்பீட்டின் அச்சாணி.

தமிழ்நாட்டில் 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், எளிய குடும்பங்களுக்கான பிரீமியத்தை அரசாங்கமே ஏற்கின்றது. ஆண்டு வருமான வரம்பு 2022இல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. எனவே, நமக்குள்ள பொறுப்பு உரிய காலத்தில் சேர்தல் ஒன்றே. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தை அணுகுக.

நோய் சொல்லிக்கொண்டு வருவதில்லை. படுக்கையில் வீழ்ந்தபின் சான்றுக்கு அலைவது குடும்பத்தாருக்குப் பெருந்துன்பம். சங்கக் காரியதரிசிகள், காப்பீட்டு அட்டை இல்லாத அங்கத்தினரின் பட்டியலை அடுத்த கூட்டத்திலேயே தயாரித்து, அவர்களுக்கு வழிகாட்டுவார்களாக. கடனை வசூலிப்பதினும், கடன் முறியாமற் காப்பது சங்கத்திற்கு நலம் பயக்கும்.