விலைப்பட்டியலைப் படமாகப் போடாதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அரிசிக் கடைக்கு நீ போட்ட இணையதளத்தைப் பார்த்தேன். கூகுளில் தேடினால் வரவே இல்லை, மாதாமாதம் பணம் கட்டினால் முதலிடம் வாங்கித் தருவதாக ஒருவர் போன் செய்கிறார், கட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். கட்டாதே. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது.

உன் தளம் கூகுளின் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடு. 'சர்ச் கன்சோல்' என்று அவர்களே இலவசமாகத் தருகிறார்கள். அதில் தளத்தைச் சேர்த்தால் இதுவும் தெரியும், என்னென்ன சொல் அடித்து உன்னிடம் வந்தார்கள் என்பதும் தெரியும். தளம் கட்டும்போது, தேடுபொறி உள்ளே வரக்கூடாது என்று ஒரு குறி போட்டு வைப்பார்கள். வேலை முடிந்த பிறகு அதை எடுக்க மறந்துவிடுவதும் உண்டு.

அடுத்தது அந்த நோட்டீஸ். டிடிபி கடையில் அடித்ததை அப்படியே படமாக முகப்பில் ஏற்றியிருக்கிறாய். அரிசியின் பெயர், விலை, திருத்துறைப்பூண்டி என்ற ஊர்ப்பெயர் எல்லாமே படத்துக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. எழுத்தாக அடித்தால்தான் தேடுபொறிக்குச் சந்தேகமில்லாமல் புரியும். அதுவும் யூனிகோடில் அடிக்க வேண்டும். தமிழ் இணையம் இதில் நிறையப் பட்டிருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி, அன்றைய எழுத்துருக் குறியீடுகளில்தான் பழந்தமிழ் நூல்களை வெளியிட்டது. பிறகு அவற்றை யூனிகோடுக்கு மாற்றினார்கள். பாட்டின் ஒரு வரியை அடித்தால் இன்று நூலே வந்து நிற்பது அந்த உழைப்பால்தான். டிடிபி கடைக்காரர் பழைய எழுத்துருவில் கோப்பு கொடுத்தால் மாற்றித் தரச் சொல்லி வாங்கு.

இனி, என்ன எழுதுவது? 'பாரம்பரிய அரிசி' என்ற சொல்லுக்காகப் பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கு நிற்காதே. காட்டுயானம் எத்தனை நாள் பயிர், மாப்பிள்ளைச் சம்பாவில் இட்லி வருமா, கவுனியை எவ்வளவு நேரம் ஊற வைப்பது என்று கேட்டுத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சரியான பதில் சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவனிடம் கிடையாது, உன் வீட்டில் இருக்கிறது. அரிசிக்கு ஒரு பக்கம் வை. எந்தப் பட்டத்தில் விதைக்கிறோம், பயிர் எவ்வளவு உயரம் போகும், மழையில் சாயுமா, சோறு வடித்தால் எப்படி இருக்கும், பழையதுக்கு ஆகுமா என்று எழுது. படம் உங்கள் வயலிலேயே எடுத்ததாக இருக்கட்டும், அளவைக் குறைத்து ஏற்று. கடைமடையில் சிக்னல் கிடைக்கும் லட்சணம் உனக்கே தெரியும்.

ஒருவர் கருப்புக் கவுனி என்பார், இன்னொருவர் கறுப்புக் கவுணி என்பார். இரண்டும் பக்கத்தில் எங்காவது இயல்பாக வந்தால் போதும். தளத்தின் உள்ளே மறைவாகக் குறிச்சொற்களை அடுக்கி வைப்பதால் பயனில்லை. தரவரிசைக்கு அவற்றைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்ற வரியை இன்றைக்கே எடுத்துவிடு. உடல்நலம் பற்றிய பக்கங்களைக் கூகுள் கூடுதல் கண்டிப்போடு பார்க்கிறது. அது இருக்கட்டும், யாராவது அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் நீ என்ன பதில் சொல்வாய்?

அடுத்தது, மற்றவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து உனக்குத் தரும் இணைப்பு. லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் கூகுளைத் தொடங்கியபோது, ஒரு பக்கத்தை வேறு எந்தெந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன என்பதைத்தான் மதிப்புக்கு அளவுகோலாக வைத்தார்கள். இன்று எத்தனையோ கணக்குகள் சேர்ந்தும் அது போய்விடவில்லை. இதை விளங்கிக்கொள்ள நீ வெகுதூரம் போக வேண்டாம், ஆதிரெங்கம் வரை போனால் போதும். நெல் ஜெயராமன் அங்கே 2006-ல் நெல் திருவிழாவைத் தொடங்கினார். இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. 174 பாரம்பரிய ரகங்களை மீட்டவர் என்று 2018-ல் அவர் மறைந்தபோது நாடே பேசியதென்றால், விதை வாங்கிப் போனவர்கள் தங்கள் ஊரில் அவர் பெயரைச் சொன்னதும் அதற்கு ஒரு காரணம். உன் அரிசியைச் சமைக்கிற உணவகம், உன் வயலைப் பார்க்க வந்த வேளாண் கல்லூரி மாணவர்கள், திருவிழா நடத்துகிறவர்கள் ஆகியோர் தங்கள் பக்கத்தில் உன் தளத்தைக் குறிப்பிட்டால் அதற்கு எடை உண்டு.

காசுக்கு வாங்கும் இணைப்புக்கு எடை இல்லை, வினை உண்டு. அமெரிக்காவின் ஜே.சி.பென்னி கடைக்காகச் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் இணைப்புகள் வைக்கப்பட்டிருந்ததை 2011-ல் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. முதலிடத்தில் நின்ற கடையைக் கூகுள் பல பக்கம் கீழே தள்ளிவிட்டது. உனக்குப் போன் செய்கிறவர் விற்பதும் அநேகமாக இந்தச் சரக்குதான்.

கடையைக் கூகுள் மேப்பில் பதிந்துவிடு, அதற்கும் செலவில்லை. நாலைந்து மாதம் ஒன்றும் அசையாவிட்டால் பதறாதே.

குறுவை அறுப்புக்குள் நாலு அரிசிக்காவது பக்கம் எழுதி முடி. கவுனிப் பொங்கலின் பக்குவத்தை அக்காவிடம் கேள். "எல்லாம் கண்ணளவுதான்" என்பாள். விடாதே, ஆழாக்கை எடுத்து வைத்து அளந்து வாங்கி எழுது.

அன்புடன்,
மாமா