சிங்க் வேற, பேக்கப் வேற

ஹோம் சர்வர் எபிசோட்ல நேரம் போதாம விட்ட விஷயம் இது: பேக்கப்.

என் சர்வர் ஒரு ராஸ்பெர்ரி பை 4. அதில் இருக்கிறதிலேயே முக்கியமான ஃபோல்டர், அம்மம்மா சொன்ன ஊர்க்கதைகளின் குரல் பதிவுகள். போனில் பதிவு செய்ததும் சிங்த்திங் அதைப் பைக்கு அனுப்பிவிடும். இரண்டு இடத்தில் இருக்கே, போதாதா? போதாது. போனில் கை தவறி அழித்தால், சிங்க் பையிலும் அழித்துவிடும்.

அதுக்குத்தான் 3-2-1 விதி: மொத்தம் 3 பிரதி, 2 வகைச் சாதனம், 1 பிரதி வீட்டுக்கு வெளியே.

நான் செய்திருப்பது:

1. எஸ்டி கார்டில் இயங்குதளம் மட்டும். ஓயாமல் எழுதினால் கார்டு தேய்ந்துபோகும். பதிவுகள் எஸ்எஸ்டியில்.

2. தினமும் இரவு ரெஸ்டிக், யூஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் ஸ்னாப்ஷாட் எடுக்கும். மாறிய பகுதி மட்டும் சேர்வதால் இடம் அதிகம் பிடிக்காது. நேற்று அழிந்த ஃபைலை முந்தாநாள் ஸ்னாப்ஷாட்டில் இருந்து எடுக்கலாம்.

3. மாமா வீட்டில் இன்னொரு பை. இங்கே தீ, திருட்டு எது வந்தாலும் அங்கே ஒரு பிரதி இருக்கும். ரெஸ்டிக் எல்லாவற்றையும் என்க்ரிப்ட் செய்துதான் வைக்கும். பாஸ்வேர்டு தொலைந்தால் மீட்க வழியே இல்லை. தாளில் எழுதி, தங்கச்சியிடமும் கொடுத்திருக்கிறேன்.

மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கதையை ரீஸ்டோர் செய்து, கடைசி வரை கேட்பேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

இந்த வார ஹோம்வொர்க்: உங்க பேக்கப்பில் இருந்து ஒரே ஒரு ஃபைலை மீட்டுப் பாருங்க.