சோலைக்கு வழிகாட்டும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உதகைக்கு வரும் பறவை நோக்கர்களைச் சோலைக் காடுகளுக்குள் அழைத்துச் செல்லும் பணியை நீ மேற்கொண்டிருக்கிறாய் என்ற செய்தி எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தந்தது. வருவோரில் பலர் கையில் ஒரு ஜாபிதாவுடன் வருவர். நீலகிரிச் சோலைக்கிளி, நீலகிரிச் சிரிப்பான், கருப்பும் ஆரஞ்சும் கலந்த ஈப்பிடிப்பான் ஆகிய மூன்றையும் காலைச் சிற்றுண்டிக்கு முன் காட்டிவிட முடியுமா என்று அவர்கள் கேட்கும்போது, கூலி வாங்குகிறோமே என்ற கூச்சத்தால் 'முடியும்' என்று சொல்லிவிடாதே. வாக்களித்துவிட்டவனுக்கு, கைப்பேசியில் பதிந்து வைத்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் சபலம் எழாமற்போகாது.

சோலைக்கிளி, அடர்ந்த புதர்களின் நிழலிலேயே வாழ்ந்து, தன் எல்லையைக் குரலால் காத்துக்கொள்ளும் நீலநிறச் சிறு பட்சி. தன் இனத்தின் குரல் அருகே கேட்டமாத்திரத்தில், அந்நியன் ஒருவன் புகுந்துவிட்டான் என்று எண்ணி, இரை தேடுவதை விட்டுவிட்டு அது வெளியே வரும். பார்த்தவர்கள் பரவசமடைந்து ஊர் திரும்புவார்கள். ஆனால் மறுநாள் வேறொரு கூட்டம் அதே புதரருகே வந்து நிற்குமென்பதும், இல்லாத எதிரியைத் தேடுவதிலேயே அதன் கூடுகட்டும் பருவம் கழியக்கூடுமென்பதும் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த நீ அதைச் செய்யலாகாது.

அதற்குப் பதிலாக, ஓடை வெளிப்படும் சோலையோரத்தில் அவர்களை நிறுத்தி, பேசாமல் காத்திருக்கச் செய். வெகுநேரம் இலைகூட அசையாதிருந்த மரங்களில், சாம்பல்தலை ஈப்பிடிப்பானும் வெள்ளைக்கண்ணியும் பட்டாணிக்குருவியும், அடிமரத்தில் தலைகீழாக இறங்கும் பசையெடுப்பானும் ஒரே கூட்டமாய்ச் சேர்ந்து பூச்சி வேட்டையாடிக்கொண்டு வந்து, சில நிமிஷங்களில் கடந்துவிடும். அந்தச் சில நிமிஷங்களுக்காகவே வழிகாட்டி என்றொருவன் தேவைப்படுகிறான். அப்போது 'அதோ, அங்கே' என்பது பயன்படாது. எந்த மரம், தரையிலிருந்து எத்தனையாவது கிளை, தண்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று தாழ்ந்த குரலில் சொல்லப் பழகிக்கொள்.

சோலைக்கிளி தானாகவே தரிசனம் தந்த பாக்கியம் வாய்க்குமானால், சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, ஆனைமலையிலும் பழனி மலையிலும், வெண்வயிற்றுச் சோலைக்கிளி என்ற வேறோர் இனமே வாழ்கிறது என்பதையும், மரபணு ஆராய்ச்சியின் பயனாக 2017இல்தான் இவ்விரு இனங்களும் சேர்ந்து தனிப் பேரினமாக வகுக்கப்பட்டன என்பதையும் அங்கேயே சொல். அந்தப் பறவையின் இருப்பிடமான, மலைமடிப்பை விட்டு அகலாத சோலையையும், அதைச் சூழ்ந்திருந்த புல்வெளியில் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து பரவிய சீகை மரத்தையும் பிறகு காட்டினால், ஏன் காட்டுகிறாய் என்று எவரும் கேட்கமாட்டார்.

கேட்கும் பறவைக் குரல்களைக் குறித்துவைக்கும் உன் நோட்டுப் புத்தகத்தில் சோலைக்கு ஒரு பக்கமும் அடுத்துள்ள சீகைத் தோப்புக்கு ஒரு பக்கமும் இருக்கட்டும். கேட்ட குரலை எழுதுவது போலவே, கேளாத நாளையும் தேதியிட்டு எழுது. மழைக்காலம் முடிந்ததும் அதை எனக்கு அனுப்பி வை.

உன் நலம் நாடும்,
அண்ணன்