கழித்துப் பார்த்துப் பாத்திரம் வாங்குங்கள்

தென்னூர்க்காரர்கள் பாத்திரம் வாங்க மலைக்கோட்டைக் கடைவீதிக்குப் போனால் செம்பு முதல் எவர்சில்வர் வரை எல்லாம் கிடைக்கும். ‘எது நல்ல உலோகம்?’ என்று கேட்டால் கடைக்குக் கடை பதில் மாறும். ‘என் வேலைக்கு எது தாங்காது?’ என்று கேட்டுக் கழித்தால் பதில் ஒன்றாகத்தான் வரும். திருவெறும்பூர் பெல் ஆலையில் உருவாகும் கொதிகலன்களே இதற்குச் சாட்சி. வெப்பத்தைக் கடத்துவதில் எஃகைவிடச் செம்பு பல மடங்கு மேல். ஆனால் பல அனல்மின் நிலையங்களில் நீராவி பெரும் அழுத்தத்தோடு 540 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அந்தச் சூட்டில் செம்பு வலுவிழந்துவிடும். அதனால் அங்கே குரோமியம், மாலிப்டினம் சேர்த்த எஃகுக் குழாய்கள். ஒரு குணத்தில் முதலிடம் பெற்றதற்காக ஓர் உலோகம் வேலைக்கு வந்துவிடாது.

படி 1: சூட்டை வைத்துக் கழியுங்கள். ஸ்ரீரங்கத்து வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. 232 டிகிரியில் உருகிவிடும். ரசம் உள்ளே இருக்கும்வரை சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்பதால் ஆபத்தில்லை. வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதீர்கள். தாளிப்பை இரும்புக் கரண்டியில் செய்து கொட்டுங்கள். காரீயம் கலந்திருந்தால் அது நஞ்சு. கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சோதனைச் சான்று இல்லாத சொம்பைக் கழித்துவிடுவதே நல்லது.

படி 2: புளிப்பை வைத்துக் கழியுங்கள். புளி, தக்காளி, மோர் பட்டால் செம்பும் பித்தளையும் கரைந்து உணவில் இறங்கும், அலுமினியமும் அரிக்கும். ‘பாட்டி பித்தளையில்தானே புளிக்குழம்பு வைத்தார்?’ என்று கேட்கலாம். வைத்தார், உள்ளே வெள்ளீயம் பூசி வைத்தார். புளிப்பைத் தாங்கியது அந்தப் பூச்சு. அது தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். எவர்சில்வரில் உள்ள குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமாகித் தானே காப்பதால் அந்த வேலை மிச்சம்.

படி 3: எஞ்சியவற்றில் சமையலுக்கு ஏற்றதை எடுங்கள். எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துவதில் செம்பின் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. மெல்லிய பாத்திரத்தில் பால் அடிப்பிடிப்பது அதனால்தான். அடியில் அலுமினியமோ செம்போ வைத்து அழுத்தியதாகப் பாருங்கள். தோசைக்கல்லுக்குக் கனமான இரும்பு. மாவு ஊற்றியதும் சட்டென்று சூடு இறங்காது.

படி 4: காந்தத்தை அளவோடு நம்புங்கள். காந்தம் ஒட்டாததே நல்ல எவர்சில்வர் என்பார்கள். 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட உயர்ரகம் பெரும்பாலும் ஒட்டாது. மாங்கனீசு கூட்டி நிக்கலைக் குறைத்த மலிவு ரகமும் ஒட்டாது. ஆகவே தரத்துக்கு முத்திரையைப் பாருங்கள். இண்டக்‌ஷன் அடுப்புக்கோ காந்தம் ஒட்டும் அடிப்பாகம்தான் வேண்டும். இத்தனையிலும் தேறியவற்றுக்கு மட்டும் விலை கேளுங்கள். முதலிலேயே விலை பார்த்தால் தாங்காத பாத்திரம்தான் மலிவாகத் தெரியும்.